கழுகுக் காசு

ஏலம் விடுகிற ரெஜிஸ் அந்த வெள்ளி நாணயத்தை இரண்டு விரல்களால் விளிம்பில் பிடித்து உயர்த்தினார். கோவிந்தம்மாவுக்கு அது எந்தக் காசு என்று தெரிந்துவிட்டது.

ஒரு பக்கம் கழுகு. கழுகின் இடது இறக்கைக்குக் கீழே ஒரு வெட்டு.

அது அவள் மாமனாரின் மண்வெட்டி பட்ட வெட்டு. கரும்பு நடக் குழி எடுத்தபோது அவருக்குக் கிடைத்த காசு.

பக்கத்தில் நின்ற சின்னன் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அவள் கணவனின் தம்பி. ஜன்னல் வழியாக முற்றத்தில் கட்டியிருந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாட்டுக்காகத்தான் வந்திருந்தார்கள். மோகா ஊர் டாக்டர் இறந்துவிட்டார், வண்டி, மாடு, மேஜை, நாற்காலி எல்லாம் ஏலத்துக்கு வருகிறது என்று ஊரில் சொன்னார்கள். அந்த வீடு என்று தெரிந்ததும் கோவிந்தம்மா தான் வரவில்லை என்றாள். அண்ணி பல்லைப் பார்க்காமல் வாங்கினால் மாடே தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று சொல்லிச் சின்னன் அழைத்து வந்தான்.

காசுகளும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

முன்வரிசை முழுவதும் கியூர்பிப் நகரத்திலிருந்து வந்த துரைகள். சிலர் கையில் பூதக்கண்ணாடி. 1810இல் இந்தத் தீவிலேயே அடித்தது, பிடிபட்ட கப்பலின் வெள்ளி, இனி இப்படி ஒன்று ஏலத்துக்கு எப்போது வருமோ என்றார் ரெஜிஸ். பின்னால் நிற்கும் கரும்புத் தோட்டக்காரர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், மாடு எங்கும் ஓடிவிடாது என்றும் சொன்னார்.

துரைகள் சிரித்தார்கள். சின்னனும் சிரித்தபடி திரும்பினான்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

வெட்டு விழுந்த காசு உலகத்தில் இன்னொன்றும் இருக்கலாம் என்று அவள் நினைத்தாள். அவனும் அப்படியே நினைக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டாள்.

எட்டு வருடங்களுக்கு முன், ஊரெல்லாம் காய்ச்சலில் விழுந்த வருடம், அவள் கணவன் நாகலிங்கம் இறந்தான். சந்தனம் குழைத்து அந்தக் காசை அண்ணனின் நெற்றியில் ஒட்டியவன் சின்னன். மூத்தவனுக்கு வந்த காசு மூத்தவனோடு போகட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டாள்.

முகத்தில் துணியைப் போட்டவள் கோவிந்தம்மா.

துணிக்கு அடியில் அவள் விரல்கள் செய்ததை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் அவள் மகன் காய்ச்சலில் கிடந்தான். அதே பாயில் சின்னனின் மகள். டாக்டர் கை நிறையாமல் கதவைத் திறக்கமாட்டார். கொடுக்க வீட்டில் வேறு எதுவும் இல்லை.

குழி மூடிய அன்றே, தர்ம ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு, மகனை இடுப்பில் வைத்து மோகாவுக்கு நடந்தாள். டாக்டர் குழந்தையைவிடக் காசைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு மருந்து கொடுத்தார்.

மகன் பிழைத்தான்.

மூன்றாம் நாள் பால் ஊற்றப் போனபோது குழிமேல் மண் கிளறிக் கிடந்தது. நாயாக இருக்கும் என்றான் சின்னன். கல் பொறுக்கி வந்து அடுக்கினான். மறுநாள் அவன் மகள் இறந்தாள்.

இன்றுவரை அவளும் மகனும் இருப்பது சின்னனின் கூரைக்குக் கீழே. நிலத்தில் மகனுக்குப் பாதி என்பது சின்னனின் வாய்வார்த்தை. செத்தவன் நெற்றியிலிருந்து எடுத்தவள் என்று தெரிந்தால் அந்த வார்த்தை நிற்குமா?

ரெஜிஸ் ஒரு நோட்டைத் திறந்தார். காசு கிடைத்த விதத்தை டாக்டரே எழுதி வைத்திருக்கிறாராம். பிரெஞ்சில் படித்தார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பாதியே போதுமாக இருந்தது.

1919 ஜூன் 12. ஒரு மலபார் பெண். இடுப்பில் ஆண் குழந்தை. பெயர் கேட்கவில்லை.

பெயர் இல்லை. துரைகளுக்குத் தமிழர் எல்லோரும் மலபார்தான். அவள் மூச்சை விட்டாள்.

ரெஜிஸ் பக்கத்தைத் திருப்பினார். காசின் ஒரு பக்கம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மர வாசனை. வெந்நீரில் கழுவினேன்.

கழுவியிருக்கக் கூடாது என்று முன்வரிசையில் ஒருவர் வருத்தப்பட்டார்.

சின்னனின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. சந்தனம் குழைப்பதுபோல.

அவள் வாசலைப் பார்த்தாள். நடுவில் பதினொரு பேர் நின்றார்கள்.

காசு என்ன விலைக்குப் போனது என்று அவள் காதில் விழவில்லை. கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் முற்றத்துக்கு நகர்ந்தார்கள். ரெஜிஸ் மாட்டுக்கு விலை கூவினார். குறைந்த விலைதான். சின்னன் கையைத் தூக்கவில்லை. வேறு யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் தூறல். அவள் முன்னால் நடந்தாள். அவன் காலடி பின்னால் கேட்டது. வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது.

சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். பிள்ளைக்காக எடுத்தேன். பிள்ளை செத்துக்கொண்டிருந்தான். வேறு வழி இல்லை. காலில் விழ வேண்டுமானால் விழலாம்.

கரும்புக்குள் பாதை திரும்பும் இடத்தில் நின்றாள். அவனும் நின்றான். இருவர் கண்ணும் மண்ணில் இருந்தது.

அவன்தான் முதலில் பேசினான்.

"அன்னிக்குக் குழியைக் கிளறினது நாய் இல்ல, அண்ணி."