கரைந்த மாத்திரை

“சுண்ணாம்பை உருட்டி மாத்திரைன்னு விக்கிறியாய்யா?”

ஓட்டல் முதலாளி போட்ட சத்தத்தில் மருந்துக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்து நாற்காலியில், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவருடைய அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வருஷமா அம்மா இந்தக் கால்சியம் மாத்திரையை விடாம போடறாங்க. விடியக்காலைல ஓட்டலுக்குக் கிளம்பறப்போ நானே என் கையால குடுக்கறேன். சும்மா வழுக்கினதுக்கே எலும்பு உடைஞ்சு போச்சு!”

“சுண்ணாம்பு ஜாதிதான் முதலாளி, இல்லேங்கல. ஆனா போலி இல்ல.” கடைக்காரர் ஒரு டம்ளரில் வினிகரை ஊற்றி, மாத்திரை ஒன்றை அதில் போட்டார். “அரை மணி நேரம் உக்காருங்க. கரையலேன்னா கடையை இழுத்துப் பூட்டிடறேன்.”

முதலாளி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். கூட்டம் கூடினால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

“எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சு வருஷக்கணக்காச்சு. அம்மாவுக்கு எல்லாமே நம்ம ஓட்டல் கேரியர்தான். ஆனா வாடிக்கைக்காரன் சாப்பிட்டப்புறந்தான் வீட்டு ஆளுங்களுக்கு. அதனாலதான் நம்ம கடை இன்னும் நிக்குது!”

அம்மா, போதும் என்பதுபோல் மகனின் சட்டையை மெல்ல இழுத்தாள். அவர் கவனிக்கவில்லை.

டம்ளரில் நுரை கிளம்பியது. மாத்திரை விண்டு, உதிர்ந்து, கரைந்தே போனது. யாரோ செருமினார்கள். முதலாளிக்குக் காதுமடல் சுட்டது.

“அப்போ உடம்புல ஏன்யா ஒட்டல?” என்றார், குரல் இறங்கி.

“சாப்பிட்ட கையோட போடணும் முதலாளி. அப்பத்தான் வயித்துல புளிப்பு சுரந்து இதைக் கரைக்கும். வெறும் வயித்துல போட்டா நிறைய வீணாப் போயிடும்.”

“வெறும் வயிறா? ஊருக்கே சோறு போடறவன்யா நான்!” முதலாளி சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

கடைக்காரர் அலமாரியிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தார். “இது சிட்ரேட், வேற வகைக் கால்சியம். விலை கூட. சாப்பிடாமப் போட்டாலும் உடம்புல சேரும். உங்க வீட்டுக்கு எதுக்கு இது?” என்று திரும்ப வைக்கப் போனார்.

அம்மா முதல்முறையாகத் தலைநிமிர்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

“அதையே குடுங்க தம்பி. மொத கேரியர் வரவே மத்தியானம் மூணு மணி ஆயிடுது.”