ஓவியரின் கடைசிப் படம்

"முதல்ல படங்களை வெளியே எடுத்து வைடா. ரத்தம் தெறிச்சா வீணாப் போயிடும்" என்றார் ஃபைனான்சியர்.

அடியாள் சம்மட்டி கையிலிருந்த இரும்புக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, ஈரப் படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். தவணை தவறியவர்களின் எலும்பை முறிப்பது அவன் தொழில். ஓவியம் வாங்கிப்போக வாரா வாரம் வந்து பாதி நாள் இங்கேயே கிடப்பவன் என்பதால், படத்தை எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பதும் அவனுக்கு அத்துப்படி.

நாற்காலியில் கட்டிப்போட்டிருந்த ஓவியருக்கு மூக்கு ஏற்கெனவே உடைந்திருந்தது.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்? கேட்டப்பல்லாம் படம் குடுத்தேனே!"

"அதான்யா தப்பு!"

ஃபைனான்சியர் ஸ்டூலின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். கடைத்தெருவில் அவர் பெயர் கழுத்தறுப்பான். பத்திரிகைகளில் நவீன ஓவியத்தின் புரவலர். இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சட்டைதான்.

"நீ வரைஞ்சது அத்தனையும் என்கிட்டதான் இருக்கு. நீ இருந்தா இன்னும் வரைவே. சரக்கு கூடினா விலை இறங்கும். நீ போயிட்டா கதையே வேற. இனிமே ஒண்ணுகூட வராதுன்னு தெரிஞ்சா, மியூசியம்காரன் என் வாசல்ல வந்து தவம் கிடப்பான்."

"வரையறதை நிறுத்திடறேன் சார். சத்தியமா நிறுத்திடறேன்!"

"சத்தியத்தை அடமானம் வாங்கற பழக்கம் எனக்கு இல்லை." அவர் குரலில் திடீரென்று பாசம் வந்தது. "உன்னை ஆளாக்கினதே நான்தான்யா. முதல் தவணை தவறினப்ப நம்ம சம்மட்டி உன் வலது கையை மிதிச்சு நொறுக்கினானே, அதுக்கு முன்னாடி என்ன வரைஞ்சிட்டிருந்தே? பூ ஜாடி! கை உடைஞ்சப்புறம்தானே உன் கோட்டுல ஒரு உக்கிரம் வந்துச்சு? வலியில பிறந்த கலைன்னு விமர்சகர் பக்கம் பக்கமா எழுதினாரே. அந்த வலிக்கு யாருய்யா ஏற்பாடு பண்ணது?"

ஓவியர் கட்டோடு முன்னால் சாய்ந்தார். "சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அந்தப் படமெல்லாம்..."

"கடைசி நேரத்துல எல்லார்கிட்டயும் ஒரு உண்மை இருக்கும்." பிரஷ் துடைக்கும் துணியைச் சுருட்டி ஓவியரின் வாயில் திணித்தார் புரவலர்.

சம்மட்டி மேலே வந்தான். "எல்லாத்தையும் வண்டியில ஏத்தியாச்சுண்ணே. அந்த ஸ்டாண்டுல இருக்கறது மட்டும் பாக்கி."

"அதுமேல துணியைப் போட்டு மூடு. அப்புறம் ஆளை முடி."

சம்மட்டி படத்தை மூடிவிட்டுக் குழாயை எடுத்தான். முதல் அடியில் ஓவியரின் தோள்பட்டை இறங்கியது. அடுத்ததில் நாற்காலியோடு கவிழ்ந்தார். துணிக்குள்ளிருந்து கிளம்பிய சத்தம் மனிதக் குரல் மாதிரியே இல்லை.

அதன்பிறகு சம்மட்டி நிறுத்தவில்லை. மற்றவர்களை அடிப்பதைவிட இவரைக் கொஞ்சம் ஆசையாகவே அடித்தான். தரையில் ஓடிய சிவப்பில் கவிழ்ந்த பெயின்ட் டப்பாவிலிருந்து சிந்தியது எது, மண்டையிலிருந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"கட்டை அவுத்து, வாய்த்துணியை எடுத்துட்டு, பின்பக்க ஜன்னல் வழியா தள்ளிடு. ஓவியன் மாடியிலேர்ந்து விழுந்தா, போதையில விழுந்தான்னு போலீஸே முடிவு பண்ணிக்கும்."

ஜன்னல் திறந்தது. கீழே தகரக் கூரைமேல் ஏதோ விழுந்து உருண்டது.

ஃபைனான்சியர் முகம்பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, சட்டையில் துளி படவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு தொண்டையைச் செருமி, இரங்கல் கூட்டத்துக்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

"மாமேதை மறைந்தார்! அவருடைய கடைசிப் படம் பாதியிலேயே நிற்கிறது! அந்த உக்கிரமான கோட்டை இழுக்க, இனி இந்த உலகில் எவர் உண்டு?"

எவர் உண்டு என்ற இடத்தில் குரல் உடைவது அவருக்கே பிடித்திருந்தது. இன்னொரு முறை உடைத்துப் பார்த்தார்.

பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். திரும்பினார்.

சம்மட்டி படத்தின்மேல் போட்ட துணியை எடுத்துத் தன் கையைத் துடைத்திருந்தான். அகலமான பிரஷ்ஷில் கறுப்பை அள்ளி, தோளிலிருந்து வீசி, மூலைக்கு மூலை ஒரே இழுப்பு இழுத்திருந்தான். விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதிய அதே கோடு.

ஃபைனான்சியர் படத்தின் அருகே போய் அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார்.

சம்மட்டி ஒரு கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"இதுவும் முடிஞ்சுதுண்ணே... அவர் கை நொறுங்கினப்புறம் எல்லாமே நான் போட்டதுதானே, இன்னும் எத்தனை வேணும்?"