ஒழுகுகிற படகில் ஒரு சேவல்

படகுக்குள் தண்ணீர் சேவலின் முழங்கால் வரை ஏறிவிட்டது.

"தவளை அண்ணே, பலகை இடுக்குல தண்ணி வருதுண்ணே."

"ஆத்துல தண்ணி வராம மோரா வரும்?" என்று துடுப்பை இழுத்தது தவளை.

தவளையும் வாத்தும் ஆமையும் படகோட்டும் சங்கம் வைத்து, தாங்களே கட்டிய ஊர்ப் படகு அது. இடுக்கில் பஞ்சு அடைக்கும் வேலையை மட்டும் ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டன. மூன்றுக்கும் நீச்சல் தெரியும், பிறகென்ன அவசரம்? துடுப்புக்குத் தாளம் சொல்ல வந்த சேவலுக்குத்தான் தெரியாது.

தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் சேவல் உயிரைப் பிடித்துக்கொண்டு 'ஏலேலோ' போட்டது. அந்த வேகத்துக்குத் துடுப்புகளும் பறந்தன. படகு பாய்ந்துபோய்க் கரை மணலில் ஏறி நின்றது.

சங்கத் தலைவர் ஆமைக்கு ஒரே பூரிப்பு. "இவ்வளவு வேகமா நாம ஓட்டினதே இல்லப்பா. அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும். தம்பி, நாளைக்கு விடியும்போதே கூவி எங்க எல்லாரையும் எழுப்பிடு, பயிற்சிக்குப் போகணும்."

"சரிங்க தலைவரே" என்றது சேவல்.

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்த பிறகும் அது வாயைத் திறக்கவில்லை.