பெட்டிக்குள் நின்ற காற்று

லோடு ஆட்டோவிலிருந்து பைக்கைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தவன் தமிழ்மாறன் என்று தெரிந்ததும் அழகுராஜாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஸ்கூட்டி கேட்டு அழுதபோதுகூட, விழுந்துவிடுவாள் என்று வாங்கித் தராமல் பொத்திப் பொத்தி வளர்த்த தங்கை அஸ்வினியை, சாதி விட்டுச் சாதி கூட்டிப்போய் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டவன். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இன்று சமயநல்லூர் ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்து நிற்கிறான்.

“மச்சான்…” என்று ஆரம்பித்தான் தமிழ்மாறன்.

“அந்த மொறையெல்லாம் வெளிய வச்சுட்டு வா. வண்டிக்கு என்ன?”

பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றான். மதுரைக்குள் இந்த வண்டியைத் தொட ஆளில்லை, அஸ்வினிதான் இங்கே கொண்டுபோகச் சொன்னாள் என்றான். அண்ணன் கை பட்டால் பிரேக் நிற்கும் என்றாளாம். அவள் பெயரை அவன் வாயால் கேட்டதில் அழகுராஜாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வெளிநாட்டுப் பழைய வண்டி. சாவியைத் திருகினால் சின்ன மோட்டார் ஒன்று ஓடி, பிரேக் பிடிக்கும் கைக்குப் பலம் சேர்க்கும். இதில் பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றைச் சக்கரத்துப் பக்கம் மட்டும் எடுத்தால் போதாது. டேங்கைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் ஏபிஎஸ் பெட்டியிலும் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் காற்று நின்றுவிட்டால், நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது லீவர் நன்றாகத்தான் இருக்கும். வேகத்தில் இறுக்கிப் பிடித்தால் கைவிட்டுவிடும்.

அழகுராஜா டேங்கில் கை வைக்கவே இல்லை. சக்கரத்துப் பக்கம் பழைய பிரேக் ஆயிலை இறக்கி, புது ஆயில் ஊற்றி, குமிழி நிற்கும்வரை லீவரை அமுக்கி அமுக்கி விட்டான். லீவர் ஹேண்டிலுக்கு ரொம்பக் கிட்டத்தில், சின்னக் கைக்கு எட்டும்படி திருகி வைக்கப்பட்டிருந்தது. வண்டி இம்புட்டுப் பெரிசு, கை இம்புட்டுத்தானா என்று மனசுக்குள் நக்கலடித்துக்கொண்டான்.

நாளைக் காலையில் வண்டி கொட்டாம்பட்டி போக வேண்டும் என்று தமிழ்மாறன் சொல்லி வைத்தான். நாலுவழிச் சாலை, முன்னாலும் பின்னாலும் லாரி. அதை நினைத்ததும் அழகுராஜாவின் கை ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அம்மா சோலையம்மாள் மண்ணை வாரித் தூற்றிய நாளும் கூடவே ஞாபகம் வந்தது. ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டான்.

பிரேக் வேலை பார்த்த எந்த வண்டியையும், தானே ஓட்டிப்போய் அறுபதில் அடித்து நிறுத்திப் பார்க்காமல் அவன் கொடுத்ததே இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் அது. இன்றைக்குச் சாவியைத் தூக்கி எறிந்தான்.

“எடுத்துட்டுப் போ. இனிமே ஒன்னைய இந்தப் பக்கம் பாக்கக் கூடாது.”

தமிழ்மாறன் சாவியைப் போட்டு லீவரைப் பிடித்துப் பார்த்தான். மோட்டார் விர்ரென்றது; லீவர் கிண்ணென்று நின்றது. முகமெல்லாம் மலர்ந்து, ரொம்ப நன்றி என்றான். பிறகு ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்த லோடு ஆட்டோக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, வண்டியை ஏற்றலாம் என்றான்.

அழகுராஜாவுக்குத் திக்கென்றது. கண்டுபிடித்துவிட்டானோ? ஆனாலும் வீம்பு விடவில்லை.

“ஏன், நான் பாத்த பிரேக்க நம்பி ஏறி ஒக்கார பயமா இருக்கோ?”

தமிழ்மாறன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

“எனக்கு பைக் ஓட்டத் தெரியாதுங்க. இது அஸ்வினி வண்டி.”