ஆறு பர்னர் அடுப்பு

விற்பனையாளர் ஆறு பர்னர் அடுப்பின் ஓவன் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். பெரிய கார் கதவு போலச் சத்தமில்லாமல் மூடியது.

"இதுதான்," என்றாள் மனைவி.

சமையல்காரரான கணவர் அந்த அடுப்பின் பக்கமே வரவில்லை.

அடுப்பில் ஒரு குறையும் இல்லை. பித்தளை பர்னர்கள், கைக்கு அடக்கமான கனத்த திருகுகள், ஒரு தெருவுக்கே ரொட்டி சுடும் அளவுக்கு ஓவன். புது வீட்டுக்கு இப்படி ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்று வருஷக்கணக்கில் நச்சரித்ததே அவர்தான். பாதி ஆயுசை ஓட்டல் அடுப்பின் முன் கழித்தவர். நெருப்பு கண்ணுக்குத் தெரியாத அடுப்பை இஸ்திரிப்பெட்டி என்றுதான் சொல்வார்.

இன்று அந்த இஸ்திரிப்பெட்டியின் பக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டு நின்றார்.

கண்ணாடி மேல்தளம் போட்ட மின்சார அடுப்பு அது. பாத்திரத்தை எடுத்தால் தானாக அணைந்துவிடும். விலையும் கிட்டத்தட்ட அதேதான். துடைப்பது சுலபம் என்றார். பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றார். சிலிண்டர் தீர்ந்துபோய்த் திண்டாட வேண்டாம் என்றார். அவள் எதற்கும் மசியவில்லை.

வேறு வழியில்லாமல் பழியை அவள் தலையிலேயே போட்டார்.

"இப்பல்லாம் நீ பாலை அடுப்புல வச்சிட்டு மறந்துடுறே. தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது. இதுன்னா நேரம் வச்சா தானா நின்னுடும்," என்றார், விற்பனையாளருக்கும் கேட்கும்படி.

அவள் முகம் சிவந்தது. ஆனாலும் ஆறு பர்னர் அடுப்பின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அவருக்கே கேவலமாக இருந்தது. மூன்றாம் மனிதர் முன்னால் மனைவியை மட்டம் தட்டுகிற ஆளில்லை அவர். ஆனால் உண்மையைச் சொன்னால் பிழைப்பு போய்விடும்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பூவும் சாக்கடையும் அவருக்கு இப்போது ஒன்றுதான். ஓட்டலில் கைப்பழக்கத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து, முகர்ந்து, கண்ணை மூடித் தலையாட்டுவதை மட்டும் விடவில்லை. அத்தனையும் நடிப்பு.

ஓட்டல் மச்சானுடையது. இவளுடைய கூடப்பிறந்த அண்ணன். 'எங்க மாப்பிள்ளை மூக்கை நம்பித்தான் கடை நடத்துறேன்' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிக்கிற மனிதர். இவளுக்கோ அண்ணனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. இங்கே தும்மினால் அங்கிருந்து மருந்து வந்துவிடும்.

அவருக்கு மாலை நேர வேலை. அவள் ஆபீஸுக்குப் போனபின் பகலெல்லாம் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் இப்போதிருக்கும் வீட்டில் சமையலறை ஜன்னலைச் சாத்தவே விடுவதில்லை. அவரால் சொல்ல முடியாது. அடுப்பைத்தான் மாற்ற முடியும்.

"ஒரு தடவை பத்த வச்சுக் காட்டுங்க," என்றாள் அவள்.

விற்பனையாளர் திருகை அழுத்தித் திருப்பினார். டிக் டிக் என்று பொறி தட்டியது, பற்றவில்லை. புது அடுப்பு, கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே விடாமல் அழுத்தினார். பர்னர் துளையில் ஏதாவது அடைப்போ என்று சமையல்காரர் குனிந்தார். தொழில் புத்தி.

எதிரே ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி சட்டென்று பின்வாங்கினார்கள். விற்பனையாளர் திருகை விட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். அவள் கைக்குட்டையை எடுத்தாள்.

சமையல்காரர் பர்னருக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு துளைகளை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தபோது எல்லோருடைய கையும் மூக்கில் இருந்தது. அவசர அவசரமாகத் தானும் பொத்திக்கொண்டார். முகத்தைக்கூடச் சுளித்துப் பார்த்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பி, அந்தக் கண்ணாடி அடுப்புக்கே பில் போடச் சொன்னாள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கேஸ் நாற்றத்தில் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவள் நேராகப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாலை நான் ஒண்ணும் மறக்கலை. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறப்பதான் அடிப்பிடிக்க விட்டேன். வீடே நாறும். நீங்க தலையைக்கூட நிமிர்த்தலை. அந்தப் பால்லதான் காபியும் போட்டுக் கொடுத்தேன். நல்லாருக்குன்னு குடிச்சீங்க. இன்னிக்காவது நீங்களா சொல்லுவீங்கன்னுதான் அந்த கேஸ் அடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

சாவியைப் போடப்போன கை அப்படியே நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மச்சானுக்கு..." என்று இழுத்தார்.

"அண்ணன்கிட்ட சொல்றதா இருந்தா அந்த முதல் நாள் காபியோடயே சொல்லியிருப்பேனே," என்றாள். "இத்தனை பாத்திரத்தை நான் எதுக்குக் கரியாக்கணும்?"