மீனுக்கு ஒரு அழைப்புமணி

ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஆற்று மதகின் கீழே கேமரா வைத்திருக்கிறார்கள். முட்டையிடப் போகும் மீன் கதவருகே காத்திருந்தால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் மணியடிக்கலாம். காவலர் வந்து திறப்பார். இதை யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மூன்று நாளாகக் கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று ஒன்று வந்தது. வயிறு புடைத்திருந்தது. மணியை அழுத்தினேன்.

"நம்ம வீட்டு பெல் அடிச்சா எந்திரிக்க மாட்டீங்க, எந்த ஊரு மீனுக்கோ வாட்ச்மேனா?" என்று கரண்டியோடு வந்த மனைவி புனிதா, திரையைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறக்கவில்லை. மீன் அதை மூக்கால் முட்டியது.

"பாவம்ங்க, மாசமா இருக்கு. இன்னொரு தடவ அடிங்க."

அடித்தேன். அடுப்பில் மீன்குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.