குதிரை வைத்தியம்

இப்போதெல்லாம் மனசு சரியில்லை என்றால் மனுசனைத் தேடி யார் போகிறார்கள்? எவனோ ஒருத்தன் தகரக் கொட்டகை போட்டு, நாலு குதிரையைக் கட்டி, இதுதான் வைத்தியம் என்கிறான். படித்தவர்களே காரில் வந்து இறங்கி குதிரை லத்தியை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர் வேலிக்கு வெளியே நின்றார்.

உள்ளே மகள்.

ஏழு மாதமாக அவள் வாய் திறக்கவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் இந்த இடத்தின் பெயர் இருந்தது. மாத்திரை என்று நினைத்து மருந்துக்கடையில் நீட்டியிருந்தார். கடைக்காரன் சிரித்தான்.

புருசன் வீட்டிலிருந்து மூன்று முறை பையோடு வந்தாள். மூன்று முறையும் அவரே மொபட்டில் ஏற்றிக்கொண்டுபோய்த் திரும்ப அங்கேயே விட்டார்.

"ரெண்டு அடிக்கெல்லாம் புருசன் ஊட்ட உட்டு வருவாங்களா அம்மிணி?" என்பார் வழியில்.

நாலாவது முறை பை இல்லை. பேச்சும் இல்லை. இடது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. பிறகு கோணலாகக் கூடிக்கொண்டது.

பேச்சு வந்த அன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். தினமும் போன் போட்டுக் கேட்கிறார்.

செவலைக் குதிரை. பந்தயத்தில் ஓடிக் கால் நொண்டிப்போனது. கம்பத்தில் கட்டியிருந்தார்கள். மகள் அதன் பிடரிக்குக் கீழே விரல் நகத்தால் சொறிந்துகொண்டிருந்தாள்.

குதிரை கழுத்தைத் திருப்பியது.

வாயை அவள் தோளில் வைத்தது. மஞ்சள் பற்கள்.

அவள் உதடு விரிந்தது. அழப்போகிறாள் என்றே அவர் நினைத்தார்.

கடிக்கிறது.

நாற்பது வருசம் மாடு கட்டி உழுதவர். பல்லைக் காட்டும் மிருகத்திடம் எப்படிப் பேசுவது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலியில் தொங்கிய தோல்வாரை உருவினார். குனிந்து உள்ளே நுழைந்தார்.

முதல் அடி மூஞ்சியில். வாரின் இரும்புக் கொக்கி கண்ணுக்கு மேலே கிழித்தது.

குதிரை அலறியது. கனைக்கும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தார்.

இரண்டாவது.

கயிறு விறைத்தது. கம்பம் ஆடியது. முன்னங்கால்கள் எழும்பி மண்ணில் இடித்தன.

மூன்றாவதில் ரத்தம் அவர் சட்டையில் தெறித்தது.

"ஐயா, கடிக்கலைங்க!" குதிரை பழக்கும் பெண் பெனிட்டா கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். "நாம சொறிஞ்சு உட்டா அதுவும் சொறிஞ்சு உடும்! உடுங்க ஐயா!"

ஓங்கிய கை இறங்கவில்லை.

வாரின் நுனியை மகள் பிடித்திருந்தாள். அந்தக் கோணல் கையால்.

பிடுங்கினாள்.

தோளில் ஒன்று. காதோடு சேர்த்து ஒன்று. அவர் விழுந்தார். விழுந்த பிறகும் ஒன்று.

"கட்டிப் போட்டிருக்கு, திருப்பி அடிக்காதுன்னுதான அடிக்கற?"

தொண்டைக்குள் கல் உருண்ட மாதிரி ஒரு குரல்.

பெனிட்டா ஓடிவந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "பேசிட்டாங்க," என்றாள்.

மகள் வாரை வீசி எறிந்தாள். குதிரை இப்போது அவளையும் நம்பவில்லை. கயிறு எட்டுமட்டும் பின்வாங்கி நடுங்கியது. அவள் கையைத் தாழ்த்தி, எட்டவே நின்றாள். போகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

அவர் கையை ஊன்றி எழுந்தார். காதைத் தொட்டார். விரல் சிவந்தது.

"உங்க குதிரையா பேச வெச்சுது?" என்றார் பெனிட்டாவிடம். "எம்பட அடியில வந்த பேச்சு அது."

வேட்டி மண்ணைத் தட்டாமலே வாசல் கேட்டை நோக்கி நடந்தார்.

போன் அடித்தது.

"பேச்சு வந்துருச்சுங்களா மாமா?"

பின்னால் மகள் குதிரையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவாக, விட்டுவிட்டு. அவருக்கு நன்றாகவே கேட்டது.

அடிபடாத காதில் போனை அழுத்திக்கொண்டார்.

"இல்லீங் மாப்ள. டாக்டரம்மா கைய விரிச்சுட்டாங்க. இனி வராதுங்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்க நிற்கவில்லை. அணைத்துவிட்டார்.

குதிரையாம், வைத்தியமாம்.

காறித் துப்பிவிட்டு நடந்தார்.